கைக்கடிகாரம் சொல்லும் நாடிக்குச் சாட்சி யார்?

பத்திரிகைத் துறையில் என்னோடு நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் நாள்தோறும் காலையில் நடைப்பயிற்சி செய்பவர். வயது 71. ரொறன்ரோவில் வாழும் அவரது மகள் கடந்த முறை ஊருக்கு வந்தபோது, இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தையின் கையில் கட்டிவிட்டுச் சென்றார். ஒருநாள் காலை, சற்று வேகமாக நடந்துகொண்டிருந்த வேளையில் அக்கடிகாரம் நிமிடத்துக்கு 158 என்று காட்டியது. பதறிப்போன நண்பர் அருகிலிருந்த மதிற்கட்டில் அமர்ந்து, கழுத்தில் விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். நூறுக்கும் குறைவாகவே இருந்தது. அன்று மாலை வைத்தியரிடம் சென்றார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். 72, ஒழுங்கான துடிப்பு.

"ஐயா, மணிக்கூடு பொய் சொல்லுது. கழற்றி வையுங்கோ" என்றார் தாதி. மகளோ தொலைபேசியில், "அப்பா, அது ஈ.சி.ஜி.யோட ஒப்பிட்டுச் சரிபார்த்தது எண்டு பெட்டியிலேயே போட்டிருக்கு" என்றார். இருவருமே ஈ.சி.ஜி.யைத்தான் சாட்சிக்கு அழைத்தார்கள். சாட்சி ஒன்று, தீர்ப்போ இரண்டு. நண்பர் என்னிடம் கேட்டார்: "இதிலே ஆரை நம்பிறது?"

நான் வைத்தியனல்லன். பொறியியலாளனும் அல்லன். ஆனால், "இதை உமக்கு யார் சொன்னது? அவருக்கு அது எப்படித் தெரியும்?" என்ற இரு கேள்விகளைக் கேட்டே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன். அந்தக் கேள்விகளை இந்த விடயத்திலும் கேட்டுப் பார்த்தேன். கிடைத்த விடைகள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் கடிகாரத்தைக் கையிற் கட்டிக்கொண்டு அதன் இலக்கத்தைப் பார்த்து நிம்மதியடையும், அல்லது நிம்மதியிழக்கும் அனைவருக்கும் பயன்படக்கூடியவை என்பதால் இங்கே எழுதுகின்றேன்.

ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு பத்திரிகை அலுவலகத்திலும் ஒப்புநோக்காளர்கள் இருந்தார்கள். ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார். மற்றவர் அச்சுப்படியிலே திருத்துவார். அந்த முறையின் பலம் முழுவதும் மூலப்பிரதியிலேயே தங்கியிருந்தது. மூலப்பிரதி பிழையென்றால், எத்தனை கவனமாக ஒப்புநோக்கினாலும் பிழைதான் அச்சேறும். அதேபோல, ஒரே செய்தி நிறுவனம் அனுப்பிய செய்தியை இரண்டு பத்திரிகைகள் வெளியிட்டால் அது இரண்டு ஆதாரங்கள் ஆகிவிடாது. இதயத்துடிப்பு மானிகளைப் பரிசோதிக்கும் விவகாரத்தில் நடைபெறும் தவறுகளிற் பெரும்பாலானவை இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

கைக்கடிகாரம் என்ன செய்கிறது என்பதை முதலிற் பார்ப்போம். அதன் அடிப்புறத்தில் மின்னும் பச்சை ஒளி தோலினுள்ளே சென்று, ஒரு பகுதி திரும்பி வருகிறது. குருதி பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் குருதி பெருகித் தணிவதால் திரும்பிவரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்றத்தாழ்வையே கடிகாரம் எண்ணுகிறது. கை அசையும்போது, பட்டி தளரும்போது, குளிரினால் தோலின் குருதியோட்டம் குறையும்போது இந்த எண்ணிக்கை குழம்பும். ஓடுபவரின் காலடித் தாளத்தையே துடிப்பென்று எண்ணிவிடுவதும் இவ்வகைக் கருவிகளின் அறியப்பட்ட குறைபாடாகும்.

ஈ.சி.ஜி.யோ ஒளியை நம்புவதில்லை. இதயத்தசை சுருங்குமுன் அதில் எழும் மின்சாரத்தையே அது மின்வாய்களின் மூலம் பதிவுசெய்கிறது. அந்தப் பதிவில் செங்குத்தாக உயர்ந்து நிற்கும் ஆர் அலைகளுக்கு இடையிலான நேரத்தை அளந்தால் துடிப்பு வீதம் கிடைக்கும். ஒளிக்கருவியைக் குழப்பும் காரணிகளிற் பல இதனைத் தீண்டுவதில்லை. இதுவே ஈ.சி.ஜி.யை உசாத்துணைக் கருவியாகக் கொள்வதற்கான முதற்காரணம். அது விலையுயர்ந்தது என்பதோ வைத்தியசாலையில் இருப்பது என்பதோ காரணமன்று. அது வேறு வழியால் உண்மையை அடைகிறது என்பதே காரணம். ஒரு கைக்கடிகாரத்தை இன்னொரு கைக்கடிகாரத்துடன் ஒப்பிட்டு "இரண்டும் ஒன்றையே காட்டுகின்றன" என்று எழுதும் இணைய விமர்சகர்கள், ஒரே செய்தி நிறுவனத்தின் செய்தியை இரண்டு ஆதாரங்களாகக் கணக்கிடுகிறார்கள்.

வேறு வழிச் சாட்சியின் பெறுமதி என்னவென்பதை 2020 டிசம்பரில் உலகம் கண்டது. விரல் நுனியில் மாட்டி ஒட்சிசன் அளவைக் காட்டும் சிறுகருவியும் ஒளியை நம்பியே இயங்குகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் அளவீட்டை நாடிக்குருதி மாதிரியின் நேரடிப் பரிசோதனையோடு ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய வேளைகளில், உண்மை அளவு 88 சதவீதத்துக்கும் கீழே இருந்த நிலை வெள்ளையின நோயாளரிடம் 3.6 சதவீதமாகவும் கறுப்பின நோயாளரிடம் 11.7 சதவீதமாகவும் காணப்பட்டது. விரலில் மாட்டும் ஒரு கருவியை அதேபோன்ற இன்னொரு கருவியோடு ஒப்பிட்டிருந்தால் இந்த உண்மை வெளிவந்திராது. இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லியிருக்கும்.

அப்படியானால் ஈ.சி.ஜி. என்ற பெயரைக் கேட்டதும் வாய்பொத்தி நிற்கவேண்டுமா? இல்லை. அதன் வரலாறே அதற்கு எதிரானது. 1887 இல் லண்டனில் ஒகஸ்டஸ் வோலர் மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதலிற் பதிவுசெய்தபோது பயன்படுத்தியது, நுண்குழாயினுள் இரசம் ஏறி இறங்கும் ஒரு மானி. இரசத்தின் பாரமும் மந்தமும் அலையின் வடிவத்தைச் சிதைத்தன. யாவாத் தீவின் செமராங் நகரில் 1860 இல் பிறந்து, ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லெம் ஐந்தோவன் இதனைச் சந்தேகித்தார். கருவியின் மந்தத்தைக் கணிதத்தாற் கழித்து, உண்மையான அலை எப்படி இருக்கவேண்டும் என்று முதலிற் கணித்தார். பின்னர் அந்தக் குறைபாடற்ற இழைக் கல்வனோமானியைத் தாமே உருவாக்கினார். நேரடியாகப் பதிவான அலை, அவர் கணித்த வடிவத்தோடு பொருந்தியது. ஏறத்தாழ 270 கிலோ எடையும் இயக்க ஐந்து பேரும் தேவைப்பட்ட அந்தக் கருவிக்காக, உப்புநீர் வாளிகளுள் கைகால்களை அமிழ்த்தி அமர்ந்தார்கள் அக்கால நோயாளர்கள். 1924 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் பொன்தரம் என்று கொண்டாடும் ஈ.சி.ஜி., அளவுகோலையே அளந்து பார்க்கத் துணிந்த ஒருவரின் சந்தேகத்திற் பிறந்தது. அந்தச் சந்தேகத்தை நாம் கைவிடலாகாது.

2016 இல் கலிபோர்னியாவில் நடந்தது இதற்குத் தக்க உதாரணம். ஃபிட்பிட் நிறுவனத்தின் கைப்பட்டிகள் இதயத்துடிப்பைச் சரியாகக் காட்டுவதில்லையென நுகர்வோர் சிலர் அவ்வாண்டு ஜனவரியில் வழக்குத் தொடுத்தனர். மே மாதத்தில் பொமோனாவிலுள்ள கலிபோர்னிய மாநிலத் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 43 பேரிடம் நடத்திய பரிசோதனையின் முடிவு வெளிவந்தது. கடுமையான பயிற்சியின்போது சராசரியாக நிமிடத்துக்கு 20 துடிப்புகள் வரை வேறுபாடு இருந்ததாக அது கூறியது. நிறுவனத்தின் பதில் என்ன? ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் வழக்காளியின் சட்டத்தரணிகள் என்பது ஒன்று. ஒப்பிடப் பயன்பட்டது நுகர்வோர் தரத்து ஈ.சி.ஜி.யே அன்றி உண்மையான மருத்துவக் கருவியன்று என்பது மற்றொன்று. அந்த ஈ.சி.ஜி.யின் துல்லியம் சோதிக்கப்பட்டதற்குச் சான்றில்லை என்பது மூன்றாவது.

நுகர்வோருக்குக் கருவி விற்றுப் பணமீட்டும் நிறுவனம், நுகர்வோர் தரத்துக் கருவியைச் சாட்சியாக ஏற்க மறுத்ததைக் கண்டு அன்று பலர் சிரித்தார்கள். ஆனால், சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அந்த ஆட்சேபத்திலே நியாயம் இருந்தது. சாட்சியின் தகைமையை விசாரிக்காமல் சாட்சியத்தை ஏற்கும் நீதிமன்றம் உண்டா? என் வருத்தம் வேறு. அதே கேள்வியைத் தமது பெட்டியின் மீது "சரிபார்க்கப்பட்டது" என்று அச்சிடும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் நாம் கேட்பதில்லை என்பதே.

இனி, பரிசோதனைக்கு எந்த ஈ.சி.ஜி.யைத் தெரிவுசெய்வது என்ற விடயத்துக்கு வருவோம். பலரும் நினைப்பதுபோல வைத்தியசாலையின் 12 தட ஈ.சி.ஜி. இயந்திரமே மிகச் சிறந்தது என்று நான் கருதவில்லை. அது நோயைக் கண்டறிவதற்கானது. வழக்கமான பதிவு 10 செக்கன் மட்டுமே நீடிக்கும். நிமிடத்துக்கு 72 துடிப்பென்றால் அதில் அகப்படுபவை வெறும் 12 துடிப்புகள். அதுவும் படுத்திருக்கும் நிலையில். படுத்திருக்கும் மனிதரிடம் எந்தக் கடிகாரமும் நல்ல பிள்ளைதான். துடிப்பை எண்ணுவதற்கு 12 தடங்கள் தேவையுமில்லை. தெளிவான ஒன்றிரண்டு தடங்கள் போதும். ஒன்று அசைவினாற் கெட்டால் மற்றது கைகொடுக்கும் என்பதால் இரண்டு இருப்பது நன்று.

கட்டிலருகே தொங்கும் கண்காணிப்புத் திரையும் இதற்குப் பொருந்தாது. அது காட்டும் இலக்கம், சில செக்கன்களின் துடிப்புகளைச் சராசரியாக்கிப் பெறப்படுவது. தாதிமாருக்கு அது வசதி. ஆனால், படிக்கட்டில் ஏறத் தொடங்கும் ஒருவரின் துடிப்பு வேகமாக உயரும்போது திரையின் இலக்கம் பின்தங்கியே வரும். கடிகாரமும் தன் பங்குக்குச் சராசரி எடுக்கும். பின்தங்கிய இரு இலக்கங்களை ஒப்பிட்டால் எது பிழையென்று யாராலும் சொல்ல முடியாது.

என் அபிப்பிராயத்தில் தெரிவுசெய்யவேண்டியது, உடலில் அணிந்தபடியே நடமாடக்கூடிய ஹோல்ட்டர் வகை ஈ.சி.ஜி. பதிவுகருவியாகும். அமெரிக்கரான நோர்மன் ஹோல்ட்டர் 1940களின் இறுதியில் முதுகிற் சுமந்த கருவியின் எடை ஏறத்தாழ 38 கிலோ. இன்று அது நெஞ்சில் ஒட்டும் சிறு வில்லையாகச் சுருங்கிவிட்டது. அதனிடம் நான்கு தகுதிகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

முதலாவது, அது இலக்கத்தை மட்டுமன்றி மூல அலையையும் முழுமையாகச் சேமித்து நம் கையில் தரவேண்டும். இதுவே தலையாயது. இலக்கத்தை மட்டும் தருவது, "நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன" என்று எழுதுவதைப் போன்றது. மூல அலையைத் தருவது ஆவணத்தையே மேசைமீது வைப்பது.

இரண்டாவது, செக்கனுக்கு எத்தனை தடவை அது மாதிரியெடுக்கிறது என்பது. 250 தடவையென்றால் இரண்டு பதிவுகளுக்கிடையே 4 மில்லிசெக்கன் இடைவெளி. நிமிடத்துக்கு 150 துடிப்பில், ஒரு துடிப்பிலிருந்து அடுத்ததற்கு 400 மில்லிசெக்கன். ஆகவே ஒரு துடிப்பிலே நேரக்கூடிய பிசகு நூற்றுக்கு ஒன்று. துடிப்பு வீதத்துக்கு இது தாராளம். துடிப்புகளுக்கிடையிலான நுண்ணிய வேறுபாட்டை அளந்து "மன அழுத்தம்" சொல்வதாகக் கூறும் கடிகாரங்களைச் சோதிப்பதாயின் 500 அல்லது 1000 தேவைப்படும்.

மூன்றாவது, நேர ஒத்திசைவு. இரு கருவிகளின் மணிக்கூடுகளும் 10 செக்கன் முன்பின்னாக இருந்தால், துடிப்பு ஏறி இறங்கும் வேளைகளில் நல்ல கடிகாரமும் கெட்டதாகத் தோன்றும்.

நான்காவது, அந்த ஈ.சி.ஜி. கருவியே முன்னர் சோதிக்கப்பட்டதற்கான பகிரங்கச் சான்று. மருத்துவக் கருவியாக அங்கீகாரம் பெற்றதா, நடமாடும் ஈ.சி.ஜி.க்கான சர்வதேச நியமத்துக்கு அமைந்ததா என்று பார்க்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வேலை மிஞ்சுகிறது. கணினி நிரல் ஆர் அலையை எண்ணும்போது, சிலரிடம் உயர்ந்து காணப்படும் ரி அலையையும் துடிப்பென எண்ணி இரட்டிப்பாக்கிவிடுவதுண்டு. தசை நடுக்கத்தையும் அலையென எண்ணும். எனவே சந்தேகமான இடங்களை மனிதக் கண் பார்த்தாகவேண்டும். இந்த நிரல்களைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும், பொஸ்டன் நகரில் 1975 முதல் 1979 வரை திரட்டப்பட்ட ஈ.சி.ஜி. தொகுப்பில் 48 அரைமணிநேரப் பதிவுகள் உள்ளன. அவற்றின் ஏறத்தாழ 1,10,000 துடிப்புகளையும் இதயநோய் நிபுணர்கள் இருவர் தனித்தனியே குறியிட்டு, வேறுபட்ட இடங்களைக் கலந்துபேசித் தீர்த்தார்கள். எங்கள் ஒப்புநோக்காளர் இருவரை அது எனக்கு நினைவூட்டியது.

அவ்வளவு செலவுக்கு வழியில்லாதவர்கள் என்ன செய்வது? மார்பிற் கட்டும் பட்டிகள் உள்ளன. அவையும் ஒளியையன்றி மின்சாரத்தையே உணர்பவை. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் 50 பேரை ட்ரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு, ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டு 2016 இல் வெளியிட்ட ஆய்வில், போலார் மார்புப்பட்டியின் இணக்கம் 0.99 ஆக இருந்தது. 1.00 என்பது பூரண ஒற்றுமை. அதே ஆய்வில் மணிக்கட்டுக் கருவிகள் 0.91 முதல் 0.83 வரையே பெற்றன. ஆகவே மார்புப்பட்டியை ஒரு துணைச்சாட்சியாக ஏற்கலாம். ஆனால், பட்டியைக் கொண்டு சோதித்தவர் "ஈ.சி.ஜி.யுடன் ஒப்பிட்டேன்" என்று எழுதாமல் "மார்புப்பட்டியுடன் ஒப்பிட்டேன்" என்றே எழுதவேண்டும். நேர்மைக்குச் செலவில்லை.

சாட்சி சரியாக அமைந்தாலும், யாரை வைத்துச் சோதித்தார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. 2020 இல் டியூக் பல்கலைக்கழகம் வெவ்வேறு தோல் நிறமுடைய 53 பேரை, நெஞ்சில் அணியும் ஈ.சி.ஜி.யைச் சாட்சியாகக் கொண்டு சோதித்தது. இதயத்துடிப்பைப் பொறுத்தவரை தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் கருவிக்குக் கருவி வேறுபாடு இருந்தது, அசைவின்போது பிழை ஓய்விலிருப்பதைவிடச் சராசரியாக 30 சதவீதம் அதிகரித்தது. நமக்கு இது ஆறுதலான செய்தி. எனினும், ஒட்சிசன் கருவியின் அனுபவத்துக்குப் பின், கருமையான தோலுடைய நாம் ஒவ்வொரு புதிய கருவியிடமும் இக்கேள்வியைக் கேட்க உரிமையுடையோம். அதுபோலவே, நலமான இளைஞர்களிடம் மட்டும் பெற்ற துல்லியம் எழுபது வயதுத் தந்தைக்குப் பொருந்துமென்று கொள்ளமுடியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேசன் என்னும் ஒழுங்கற்ற துடிப்புள்ளவர்களிடம் சில துடிப்புகள் மணிக்கட்டை எட்டாமலே போகும். ஈ.சி.ஜி. அதை எண்ணும், கடிகாரம் எண்ணாது. அங்கே இரண்டும் வேறுபடுவது கருவியின் பிழையன்று, நோயின் அடையாளம்.

என் நண்பரின் மாலைநேர ஈ.சி.ஜி.க்கு இங்கேதான் விடை இருக்கிறது. அப்பிள் நிறுவனத்தின் உதவியோடு ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 4,19,297 பேரிடம் நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்கற்ற துடிப்பென எச்சரிக்கப்பட்டவர்களுக்கு ஒட்டு ஈ.சி.ஜி. தபாலில் அனுப்பப்பட்டது. அதை அணிந்து திருப்பியனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினரிடமே அந்நோய் காணப்பட்டது. அப்படியானால் மற்றையோருக்கு வந்தது பொய் எச்சரிக்கையா? சொல்லமுடியாது. சாட்சி வந்துசேர்ந்தது சம்பவத்துக்குப் பின்னர். ஆனால், ஒட்டும் கடிகாரமும் ஒரே நேரத்தில் உடலில் இருந்தபோது வந்த எச்சரிக்கைகளில் 84 சதவீதம் ஈ.சி.ஜி.யோடு பொருந்தின. சம்பவ இடத்தில் இல்லாத சாட்சியால், அவர் எவ்வளவு பெரிய மனிதராயினும், பயனில்லை.

நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் இதயநோய் நிபுணர் ஒருவரிடம் சென்று, ஹோல்ட்டர் கருவியை ஒரு நாள் அணிந்து, அதே கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு அதே பாதையில் நடந்தார். ஓரிடத்தில் கடிகாரம் 149 என்று பதிந்திருந்தது. அதே நிமிடத்தில் இதயம் 106. கடிகாரம்தான் தவறியது. தாதி சொன்னது சரியாக இருந்தது; ஆனால் அவர் சொன்ன காரணம் சரியல்ல. ஒருவேளை முடிவு மறுபுறமாக இருந்திருந்தால், கழற்றி வைத்த கடிகாரத்தோடு ஓர் எச்சரிக்கையும் மேசை லாச்சிக்குள் போயிருக்கும்.

நமது சந்தையில் மீன் நிறுக்கும் தராசுக்குக்கூட அரசாங்க முத்திரை இருக்கவேண்டும் என்பது சட்டம். உடற்பயிற்சிக்கானது என்று சொல்லி விற்கப்படும் கடிகாரமோ, மருத்துவக் கருவிக்குரிய கட்டுப்பாடுகள் பலவற்றுக்கு வெளியே நிற்கிறது. சட்டம் வரும்வரை கேள்வி கேட்பதொன்றே நுகர்வோரின் முத்திரை. எந்த ஈ.சி.ஜி.யுடன் ஒப்பிட்டீர்கள்? ஒரே நேரத்திலா? யாரிடம், என்ன செய்துகொண்டிருந்தபோது? மூலப்பதிவை யார் பார்த்தார்கள்? இந்த நான்குக்கும் விடையில்லாத "சரிபார்க்கப்பட்டது" என்ற சொல், மூலப்பிரதியைக் காணாமல் இடப்பட்ட ஒப்புநோக்காளரின் கையொப்பமே.

நண்பர் இன்றும் அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருக்கிறார். இருந்து ஓய்வெடுக்கும்போது அதை நம்புகிறார். நடக்கும்போது நேரம் பார்க்க மட்டும்.